பாலக்காட்டின் வரும் கலைப் பருவமும் நம் தமிழும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் உரையாற்ற அழைத்தபோது, கம்பனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். கம்பனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆயின் அச்சு நூலிலுள்ள கம்பனைப் பற்றி மட்டும் அன்று. வரும் ஐப்பசியில் தொடங்கிச் சித்திரை வரை இந்நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடைபெறவிருக்கும் இசை, கூத்து, ஆட்டம் ஆகியவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்து, அவற்றுள் நம் தமிழ் எங்கெங்கே உள்ளது, அவ்விடங்களில் நாம் இருக்கிறோமா என்று கேட்க விரும்புகிறேன். இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் என்னிடமே கேட்டுக்கொண்டேன் என்பதையும், அதற்கு நான் பெற்ற விடை பெருமைக்குரியதாக இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலக்காடு மலைக்கணவாயில் அமைந்த ஊர். கோயம்புத்தூர் இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமையும்வரை இந்நகரம் மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. அருகிலுள்ள சித்தூரோ பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. பாலக்காடு தனி மாவட்டமானது 1957 ஜனவரியில். ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறி மாறி அமைந்தபோதும், மக்கள் நாவில் இரு மொழிகளும் மாறாமல் தங்கின. பேருந்தில் ஏறுபவர் ஒரு மொழியில் ஊர்ப்பெயர் சொல்ல, நடத்துநர் மற்ற மொழியில் சில்லறை கேட்பார். இருவருக்கும் அது வேற்றுமையாகவே தோன்றாது. மாதக் கணக்கும் அவ்வாறே. நமக்கு ஐப்பசி என்றால் அவர்களுக்குத் துலாம். நமக்கு மாசி என்றால் அவர்களுக்குக் கும்பம். சூரியனைக் கொண்டு கணக்கிடும் இரு பஞ்சாங்கங்களும் ஒரே வீட்டுச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. ஆகவே இவ்வூரின் கலைப் பருவத்தை எந்த மொழியின் மாதத்தைக் கொண்டு சொன்னாலும் ஒன்றுதான்.

முதலில் வருவது கல்பாத்தித் தேர். காசியில் பாதி கல்பாத்தி என்பது இவ்வூர்ப் பழமொழி. கல்பாத்தி ஆற்றங்கரையில் விசாலாட்சி உடனுறை விசுவநாத சுவாமி கோயிலை மையமாகக் கொண்டு, மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி இலட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி ஆகிய கோயில்களும் சேர்ந்து நடத்தும் விழா இது. ஐப்பசியின் கடைசி மூன்று நாட்கள், அதாவது நவம்பர் நடுப்பகுதியில், தேர்கள் தெருவில் உலாவரும். நிறைவு நாள் மாலையில் தேர்முட்டியில் அவை ஒன்றுகூடும். தேரோட்டத்திற்கு முந்திய நாட்களில் இசைவிழா நடைபெறும்.

இவ்விசைவிழாவுக்கு வருவோர் வெறும் கேள்வியின்பத்திற்காக மட்டும் வருவதில்லை. மரபுக்குத் தலைவணங்கவும் வருகிறார்கள். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் இம்மண்ணின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றவர்கள். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பாகவதருக்கு 1951 இலும் மணி ஐயருக்கு 1966 இலும் கிடைத்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரிடம் பயின்ற கே.வி. நாராயணசுவாமி இவ்வூர்க்காரர். விளம்ப காலத்தின் அமைதியைத் தம் குரலாகவே ஆக்கிக்கொண்ட எம்.டி. இராமநாதன், இம்மாவட்டத்து மஞ்ஞப்பிரையில் பிறந்தவர். இவர்கள் வீட்டில் பேசியது தமிழ். வீதியில் பேசியது மலையாளம். மேடையில் மிகுதியும் பாடியது தெலுங்கும் வடமொழியும்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இசைக்கு மொழி தடையன்று என்பது உண்மை. ஆயினும் 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது எழுப்பப்பட்ட கேள்வி இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. பொருள் புரிந்து கேட்கும் பாட்டு, கச்சேரியின் நடுவில் வரவேண்டுமா, கடைசித் துக்கடாவாக மட்டும் வரவேண்டுமா என்பதே அது. கல்பாத்தியில் முன்வரிசையில் அமர்ந்திருப்போருள் பலர் வீட்டில் தமிழ் பேசுவோர். அவர்கள் கேட்டால் பாடகர் பாடமாட்டாரா? நாம் கேட்பதில்லை. கேளாமல் இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவது நம் பழக்கம்.

அடுத்து, மார்கழி விடுமுறையில் மண்டபங்கள்தோறும் நாட்டிய அரங்கேற்றங்கள் நடைபெறும். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் தங்கை ஆடிய அரங்கேற்றத்திற்குச் சென்றிருந்தேன். பத்து உருப்படிகளில் நான்கு தமிழ். பதத்திற்கு அச்சிறுமி காட்டிய முகபாவம் அழகாகவே இருந்தது. ஆனால் ‘ஊடல்’ வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. பின்னர் அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். தமிழ்ப் பாடல் முழுவதும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. மலையாள எழுத்தில் ழகரம் உண்டு, றகரம் உண்டு, ளகரம் உண்டு. நம் பிள்ளைகள் பலரைவிட அச்சிறுமி ழகரத்தைச் செம்மையாக ஒலித்தாள். பொருளைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. அவளுடைய ஆசிரியை என்னிடம், “டீச்சரே, முன்பே தெரிந்திருந்தால் உங்களிடம் கேட்டிருப்பேனே” என்றார். ஒரே தெருவில் ஏழாண்டுகளாக வாழ்கிறோம். நான் தமிழ் படிப்பிப்பவள் என்று அவருக்குத் தெரியாமல் போனது அவர் குற்றமன்று.

தை பிறந்ததும் தொடங்குவது தோல்பாவைக்கூத்து. என் உரையின் நோக்கமே இதுதான் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பாரதப்புழை பாயும் நாட்டில் பத்திரகாளி கோயில்கள் பலவற்றின் முன்னே, சன்னிதியை நோக்கிய நீண்ட மேடைக் கட்டடம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே கூத்துமாடம். தை முதல் வைகாசி வரையுள்ள காலத்தில், ஊருக்கு ஊர் நாட்கணக்கு வேறுபட்டு, ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு என்று அங்கே இராமாயணம் நடைபெறும். மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் திரை. அதன் பின்னே நீண்ட மரச்சட்டத்தில் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். கோயிலிலிருந்து எடுத்துவரும் சுடரால் அவற்றை ஏற்றுவார்கள். முழுக் கூத்துக்கு ஏறத்தாழ 160 தோற்பாவைகள் வேண்டும். தாரிகனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண இயலாமற்போன காளிக்காக இக்கூத்து ஏற்பட்டது என்பது மரபு. எனவே பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும், காண்பவள் அவளே.

அங்கே பாடப்படுவது எது? கம்பன் கவி. கூத்தை நடத்துவோருக்குப் பெயர் புலவர். அவர்கள் பெரும்பாலும் மலையாளம் பேசும் குடும்பத்தவர். தலைமுறை தலைமுறையாகக் கம்பன் பாடல்களைச் செவிவழியாகவும், மலையாள எழுத்தில் எழுதிவைத்தும் கற்று, ஒவ்வொரு பாடலுக்கும் விரிவுரை சொல்கிறார்கள். அவ்விரிவுரையின் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. வினாவும் விடையுமாக, இலக்கணமும் புராணமும் வேதாந்தமும் இடையிடையே வர, ஒரு பாடலுக்கு அரைமணி நேரம்கூடச் செல்லும். தமிழ்நாட்டில் கம்பனுக்குக் கழகங்கள் கண்டோம், மேடைகள் கண்டோம், பட்டிமன்றங்கள் கண்டோம். ஆண்டுதோறும் விடிய விடியக் கம்பனைப் பாடிப் பொருளுரைக்கும் வழிபாடு இங்கே, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் நாவில் வாழ்கிறது.

இதனை நமக்கு எடுத்துச் சொல்ல ஓர் அமெரிக்கர் வரவேண்டியிருந்தது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் ஆய்வாளர் இக்கூத்துமாடங்களில் இரவுகளைக் கழித்து எழுதிய ஆங்கில நூல் 1996 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. வெளியே கேட்பவர் இல்லாதபோது திரைக்குப் பின்னே புலவர்கள் ஒருவருக்கொருவர் பேசுவோராகவும் கேட்போராகவும் அமைவதை அவர் நுட்பமாக எடுத்துக்காட்டியுள்ளார். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயில் வளாகத்திற்கு வெளியேயும் கொண்டு சென்றார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அக்குடும்பத்துப் பெண்கள் தமக்கெனக் குழு அமைத்துப் பாவையாட்டத் தொடங்கியுள்ளனர். நெடுங்காலம் ஆடவர் மட்டுமே நின்ற திரைக்குப் பின்னே பெண்கள் நிற்பது, ஒரு பெண்ணாக எனக்குத் தனி மகிழ்ச்சி.

இப்போது என் விடையைச் சொல்கிறேன். யான் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் யுத்த காண்டத்து உரையாடல்கள். கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் பகுதிக்கு மட்டும் முப்பது பக்கம் எழுதியுள்ளேன். மதுரைக்குச் சென்றேன், சென்னைக்குச் சென்றேன், நூலகம் நூலகமாக அலைந்தேன். என் வீட்டிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள கூத்துமாடத்திற்கு ஒருநாளும் சென்றதில்லை. அஃது ஏதோ நாட்டுப்புற வழிபாடு, என் ஆய்வுக்கு அங்கே என்ன கிடைக்கப்போகிறது என்னும் படித்தவள் செருக்கே காரணம்.

கடந்த பங்குனியில் என் கணவரின் அக்காளோடு முதன்முறையாகச் சென்றேன். அன்று கும்பகருணன் வதை. நள்ளிரவில் எண்ணிப் பார்த்தேன். மாடத்தின் முன்னே எங்களையும் சேர்த்து ஏழு பேர். அவர்களுள் மூவர் துண்டை விரித்து உறங்கிக்கொண்டிருந்தனர். திரையில் இரு நிழல்கள் எதிரெதிரே நின்றன. தம்பியின் சொல்லுக்கு ஒரு புலவர், அண்ணனின் சொல்லுக்கு மற்றொரு புலவர். நான் அச்சில் படித்து அடிக்கோடிட்ட பாடல்கள் இருளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓரிடத்தில் புலவர் ஒரு சொல்லை மாற்றிப் பாடினார். பிழை என்று மனத்துள் குறித்துக்கொண்டேன். அவரோ அச்சொல்லையே எடுத்துக்கொண்டு, அண்ணன் தம்பியைப் போகச் சொல்வது சினத்தாலா, அன்பாலா என்று நெடுநேரம் வாதிட்டார். வீடு திரும்பிப் பாடபேதங்கள் குறித்த பதிப்பைப் புரட்டினேன். நான் பிழையென்று எண்ணிய சொல் அடிக்குறிப்பில் இருந்தது. என் முப்பது பக்கங்களில் அப்பாடவேறுபாட்டை நான் கருதவே இல்லை.

விடியற்காலையில் முதிய புலவர் திரைக்குப் பின்னிருந்து இறங்கிவந்தார். நான் கும்பிட்டு, தமிழ் படிப்பிப்பவள் என்று சொன்னேன். “டீச்சர் முழுக்கக் கேட்டோ?” என்றார். கேட்டேன் என்றேன். “அப்போ இன்னைக்கு ரெண்டு பேர் கேட்டிருக்கு, அம்மையும் டீச்சரும்” என்று சிரித்தார். அம்மை என்றது காளியை. அச்சிரிப்பில் குறைகூறல் சிறிதும் இல்லை. அதனாலேயே எனக்கு அது பெரிதும் உறைத்தது.

பருவத்தைத் தொடர்வோம். மாசியில் சிவராத்திரிக்குப் பின் சித்தூர்ப் பகவதி கோயிலில் கொங்கன்படை. கொங்கு நாட்டு மன்னன் படையெடுத்து வந்ததையும், பகவதி அருளால் அப்படை தோற்றதையும் நினைவுகூரும் விழா அது. தோற்றவர் நம் பக்கத்தவர் என்று எவரும் மனம் சுருங்குவதில்லை. தமிழ் பேசுவோர் மிகுந்த அவ்வட்டாரத்தில் எல்லாரும் சேர்ந்தே அவ்விழாவைக் காண்கின்றனர். பழைய பகையை விளையாட்டாக்கிக்கொள்ளும் பக்குவம் ஈரினம் கலந்து வாழும் ஊருக்கே வாய்ப்பது. பங்குனி 20 ஆம் நாளை ஒட்டி நென்மாற வல்லங்கி வேலை. இரண்டு ஊர்கள் மேளத்திலும் வாணவேடிக்கையிலும் போட்டியிடும் விழா.

சித்திரையை ஒட்டி ஆலத்தூர், சித்தூர் வட்டங்களின் பகவதி கோயில்களில் கண்ணியார்களி. நாயர் குடும்பத்தார் பந்தலில் விளக்கைச் சுற்றி இரவு முழுவதும் ஆடுவது. வட்டக்களியும் புறாட்டும் மாறி மாறி வரும். இதன் பாட்டிலும் பேச்சிலும் தமிழ் மிகுதியாகக் கலந்துள்ளது. என் வகுப்பில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவன் ஒருவன் தன் பாட்டனார் பாடும் களிப்பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினான். இது தமிழ்ப் பாட்டு என்றேன். “இல்லை டீச்சர், இது எங்கள் தறவாட்டுப் பாட்டு” என்றான். அவன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. தமிழ் என்பதற்காக அதனை அவனிடமிருந்து பிரித்துவிட எனக்கு உரிமையில்லை.

புறாட்டில் வரும் வேடங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பல சாதியினரும் பல தொழிலினரும் வேடமாக வருவார்கள். நகைப்புக்குள்ளாவோர் பெரும்பாலும் எளியவர்களே. பாலக்காட்டுத் தமிழ் அக்கிரகாரத் தமிழ் மட்டும் அன்று. வயலில் நாற்று நட்டவர், செங்கல் சுமந்தவர், மாடு மேய்த்தவர் தமிழும் அதுவே. அத்தமிழ் அரங்கில் நகைச்சுவைக்கு மட்டும் பயன்பட்டதெனின், அதனையும் மறைக்காமல் பேசுவதே ஆய்வாகும். மரபைப் போற்றுவது வேறு, மரபைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்குவது வேறு.

அன்பர்களே, இப்பருவத்து நிகழ்ச்சிகளுக்காக என் மேசைக்கு வந்த அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். மலையாளத்தில் உள்ளன, ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் ஒன்றும் இல்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனு எழுதச் சட்டம் இடம் தரும். கூத்துக்குப் போகச் சட்டம் சொல்லாது. அழைப்பிதழில் தமிழ் இல்லையே என்று விழாக்குழுவினரைக் குறைகூறுமுன், தமிழில் எழுதித் தருகிறோம் என்று நாம் எவரிடமாவது சென்றோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு நான்கு பணிகளை முன்மொழிகிறேன். பெரும் பொருட்செலவு வேண்டாதவை.

முதலாவது, ஐப்பசி முதல் சித்திரை வரையுள்ள நிகழ்ச்சிகளைத் தொகுத்து, நாள், இடம், கலையின் சிறு விளக்கம் ஆகியவற்றோடு தமிழில் ஒரு கைப்பட்டியல் அச்சிட்டு வழங்குதல்.

இரண்டாவது, நாட்டிய ஆசிரியைகளை ஒருநாள் அழைத்து, அவர்கள் கற்பிக்கும் தமிழ்ப் பதங்களுக்கும் வர்ணங்களுக்கும் பொருள் சொல்லித் தருதல். எழுத்து அவர்களிடம் உள்ளது. பொருள் நம்மிடம் உள்ளது. இதற்கு நானே பொறுப்பேற்கிறேன்.

மூன்றாவது, புலவர்களின் இசைவோடு அவர்தம் பாடல்களையும் விரிவுரைகளையும் ஒலிப்பதிவு செய்து, அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தல். பதிவின் ஒரு படி அவர்கள் குடும்பத்திடமே இருக்கவேண்டும். உரிய மதிப்பூதியமும் தரவேண்டும். இக்கலையைக் காத்தவர்கள் அவர்கள். அதனை நம் பெருமையாகப் பறைசாற்றிக்கொள்ள அல்ல, அவர்களிடம் பாடம் கேட்கவே நாம் செல்லவேண்டும்.

நான்காவது எளியது. நம் மாதக் கூட்டத்தை வரும் பங்குனியில் இம்மண்டபத்தில் நடத்தாமல் ஏதேனும் ஒரு கூத்துமாடத்தின் முன்னே நடத்துதல். தலைமையுரை வேண்டா, நன்றியுரை வேண்டா, பொன்னாடையும் வேண்டா. ஒரு பாயும், குளிருக்கு ஒரு போர்வையும், உறங்காதிருக்க ஒரு குடுவைக் காப்பியும் போதும். கேட்பதே அன்றைய நிகழ்ச்சி.

பத்தாண்டுகளாக இவ்வறையில் அமர்ந்து தமிழின் பெருமையைப் பேசினோம். அது வீண்போகவில்லை, அப்பேச்சே என்னைப் போன்றோரை இங்கே ஒன்றுசேர்த்தது. ஆனால் நாம் இங்கே பேசிக்கொண்டிருந்த அதே இரவுகளில், சில கல் தொலைவில், கேட்பாரில்லாமல் கம்பன் பாடப்பட்டுக்கொண்டிருந்தான். முதிய புலவர் இன்னும் எத்தனை பங்குனிக்குப் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. வரும் பங்குனிக்கு நான் போகிறேன். உடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். மூன்றாவதாகக் கேட்பவர் யார் என்று அடுத்த ஆண்டு விழாவில் நான் சொல்லவேண்டும்.